என் முடியைப் பார்க்க மறுக்கும் கேமரா

திரையில் நான் உட்கார்ந்திருந்தேன். நெற்றி இருந்தது, மூக்கு இருந்தது, காது மடல்கூடத் தெளிவாக இருந்தது. புருவத்துக்கு நான்கு விரற்கடை மேலே மட்டும் ஒன்றுமில்லை. மண்டையின் மேல்பாதியை யாரோ சீவி எடுத்துவிட்டது போல வெறும் கறுப்பு ஓட்டை. கையைத் தூக்கித் தலையைத் தடவிப் பார்த்தேன். திரையிலும் ஒரு கை எழும்பி வந்து அந்த ஓட்டைக்குள் துழாவியது. முடி பத்திரமாகத்தான் இருந்தது. கேமராவுக்குத்தான் அது தெரியவில்லை.

ஆழம் அளக்கும் கேமராவின் டெவலப்பர் கிட் ஒன்றை வாங்கி, கணினியில் மாட்டிய முதல் நாள் நடந்தது இது. சாதாரணக் கேமரா ஒவ்வொரு பிக்சலுக்கும் என்ன நிறம் என்று சொல்லும். இது ஒவ்வொரு பிக்சலுக்கும் எவ்வளவு தூரம் என்று சொல்லும். நான் வாங்கியதற்குக் காரணம் பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை. நாள் முழுக்கக் கணினி முன் உட்காருகிறவன் நான். காலையில் நிமிர்ந்து உட்காருவேன். மதியத்துக்குள் முதுகு வளைந்து, மாலையில் மூக்கு திரையைத் தொடும் அளவுக்குப் போய்விடும். கழுத்து வலி வந்த பிறகுதான் நினைவு வரும். திரைக்கு மேலே ஒரு டெப்த் கேமராவை வைத்து, என் முகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, ரொம்பக் கிட்டே வந்தால் ஒரு மணி அடிக்கவைத்தால் என்ன என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை வேலை என்று நினைத்தேன். எத்தனை சனிக்கிழமைகள் போயின என்பதை எண்ணுவதை அப்புறம் விட்டுவிட்டேன்.

டெவலப்பர் கிட் என்ற பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. கடையில் வாங்கும் வெப்கேம் ஒரு முடிந்த பொருள். செருகினால் முகம் தெரியும். கிட் என்பது பொருள் செய்வதற்கான கச்சாப் பொருள். பெட்டிக்குள் கேமரா, ஒரு கேபிள், ஒரு துண்டுச் சீட்டு. மற்றதெல்லாம் எஸ்டிகேயில் இருக்கிறது. நிரல் எழுதுகிறவர்களுக்காக உற்பத்தியாளர் தரும் லைப்ரரிகள், மாதிரி நிரல்கள், படத்தைப் பார்க்க ஒரு சின்ன வியூவர், எல்லாம் சேர்ந்த மூட்டைக்குத்தான் அந்தப் பெயர். புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: அந்த வியூவரைத் தாண்டி ஒரு வரிகூட எழுதாமல் முதல் நாளைக் கழியுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை.

செருகியவுடன் விளக்கு எரிந்தது. எஸ்டிகேயோ, எந்தக் கேமராவும் இணைக்கப்படவில்லை என்றது. கேமராவைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கினேன், மறுபடி போட்டேன். கணினியை நிறுத்தி எழுப்பினேன். பைத்தான் பதிப்பை மாற்றினேன். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மேசைக்குக் கீழே குனிந்து கேபிளைப் பார்த்தேன். கேபிள் எட்டவில்லை என்பதற்காக இழுப்பறையில் கிடந்த பழைய நீட்டிப்பு வயர் ஒன்றைச் சேர்த்திருந்தேன். அது யூஎஸ்பி 2 காலத்து வயர். மின்சாரம் போகும், இந்தக் கேமரா கேட்கும் வேகத்தில் தகவல் போகாது. தப்பு முழுக்க என்னுடையது.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 640×576 அளவுள்ள ஓர் ஆழப் படத்தை எடுத்துக்கொள்வோம். பிக்சலுக்கு 2 பைட். ஒரு ஃப்ரேமுக்கு 7 லட்சத்து 37 ஆயிரம் பைட் ஆகிறது. வினாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 22 எம்பி. இது ஒன்றும் பெரிய சுமையில்லை. கூடவே 3840×2160 அளவில் வண்ணப் படமும் வேண்டும் என்று கேட்டால்தான் கதை மாறுகிறது. பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஒரு ஃப்ரேமே 33 எம்பி. வினாடிக்குக் கிட்டத்தட்ட ஒரு ஜிபி. யூஎஸ்பி 3 என்று நாம் பொதுவாகச் சொல்லும் 5 கிகாபிட் வழியில் அது நுழையவே நுழையாது. அதனால் வண்ணப் படத்தைக் கேமராவே சுருக்கி ஜேபெக்காக அனுப்புகிறது. கணினி அதை விரிக்கிறது. கேமரா ஓடும்போது கணினியின் மின்விசிறி இரைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆழம் கேமராவுக்குள்ளேயே கணக்கிடப்பட்டு வருகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பல கருவிகளில் அப்படித்தான். ஆனால் மைக்ரோசாஃப்ட் 2019இல் கொண்டுவந்த அசூர் கைனெக்ட் என்ற டெப்த் கேமராவில் அப்படியில்லை. கேமரா பதப்படுத்தாத அளவீடுகளை மட்டும் அனுப்பும்; அவற்றைத் தூரமாக மாற்றும் வேலை கணினியின் கிராபிக்ஸ் சிப்பில் நடக்கும். திரை இல்லாத ஒரு சின்ன கணினியில் செருகி மூலையில் வைத்துவிடலாம் என்று கனவு காண்கிறவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கேமராவின் பாதி கணினிக்குள் இருக்கிறது.

சரி, வயரை மாற்றி, கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகியதும் கேமரா விழித்துக்கொண்டது. ஓர் ஆழப் படத்தைக் கோப்பாகச் சேமித்துத் திறந்தேன். கன்னங்கரேல். மறுபடி எடுத்தேன். மறுபடியும் கறுப்பு. கேமரா கெட்டுப்போனதோ என்று பயந்த பிறகுதான் புத்தி வந்தது. ஆழப் படத்தில் ஒவ்வொரு பிக்சலிலும் இருப்பது மில்லிமீட்டர். என் முகம் 700 மில்லிமீட்டரில் இருந்தால் அந்தப் பிக்சலின் மதிப்பு 700. கோப்போ 16 பிட். 0 முதல் 65,535 வரை போகும். படம் காட்டும் மென்பொருள் 65,535ஐ வெள்ளை என்று வைத்துக்கொள்கிறது. அதில் 700 என்பது நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம். கண்ணுக்குக் கறுப்பாகத்தானே தெரியும்? உண்மையில் அது படமே இல்லை. படத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்ட அட்டவணை. இந்த ஒரு விஷயத்தை ஒழுங்காக மனதில் பதித்திருந்தால் பின்னால் பட்ட பாட்டில் பாதி மிச்சமாகியிருக்கும்.

அந்த அட்டவணையில் அங்கங்கே 0 என்று இருந்தது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

என் நிரலின் முதல் வடிவம் நான்கு வரி. படத்தின் நடுவில் ஒரு கட்டம், அதற்குள் மிகச் சிறிய எண் எது என்று பார், 500க்குக் கீழே போனால் மணி அடி. ஓட்டினேன். மணி அடித்தது. பின்னால் நகர்ந்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சுவர்வரை போனேன். அப்போதும் அடித்தது. மிகச் சிறிய எண் எப்போதும் 0. அதாவது, கேமராவின் கண்ணாடியிலேயே மூக்கை ஒட்டிவைத்திருக்கிறேன் என்று என் நிரல் நம்பிக்கொண்டிருந்தது.

0 என்றால் தூரம் பூஜ்யம் என்று பொருளில்லை. 'தெரியவில்லை' என்று பொருள். தெரியவில்லை என்பதை எழுத அட்டவணையில் வேறு வழி இல்லாததால் ஓர் எண்ணைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். எந்த எண் என்பதும் கருவிக்குக் கருவி மாறும். 2010இல் வந்த முதல் கைனெக்ட்டின் ஆழ அளவீடு 11 பிட். அதைக் கட்டற்ற டிரைவர் வழியாகப் பச்சையாக வாங்கினால், தெரியவில்லை என்பதற்கு அது தந்தது 2047. அங்கே மிகப் பெரிய எண், இங்கே மிகச் சிறிய எண். ஒன்றுக்கு எழுதிய நிரலை இன்னொன்றில் ஓட்டினால் சுவர் மூக்குக்கு வந்துவிடும், அல்லது மூக்கு அடிவானத்துக்குப் போய்விடும்.

கைனெக்ட் என்று சொன்ன பிறகு அதைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. மேசைமேல் வைக்கும் டெப்த் கேமரா என்ற வழக்கமே அதிலிருந்துதான் பரவியது. 2010 நவம்பர் 4 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அது எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்கான துணைக்கருவி மட்டுமே. கணினியில் ஓட்ட அதற்கு டிரைவர் கிடையாது. அன்றைக்கே அடாஃப்ரூட் என்ற மின்னணு நிறுவனம், இதற்குக் கட்டற்ற டிரைவர் எழுதுகிறவருக்குப் பரிசு என்று அறிவித்தது. தொகை 3,000 டாலர்வரை ஏறியது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஹெக்டர் மார்ட்டின் என்பவர் நவம்பர் 10 அன்று எழுதி வெளியிட்டுவிட்டார். முதலில் முகம் சுளித்த மைக்ரோசாஃப்ட், 2011 ஜூனில் தானே ஒரு எஸ்டிகேயை வெளியிட்டது. ஒரு விளையாட்டுச் சாமானை ஆய்வுக்கூடக் கருவியாக மாற்றியது பூட்டைத் திறந்து பார்த்தவர்களின் ஆர்வம்தான். இன்றைக்கு நமக்கு எஸ்டிகே, மாதிரி நிரல், ஆவணம் என்று தட்டில் வைத்துத் தருகிறார்கள். அந்த ஒரு வார வேகம் நமக்குத்தான் வரவில்லை.

அந்த முதல் கைனெக்ட் தூரத்தை அளந்த விதமும் இன்று என் மேசையில் இருப்பது அளக்கும் விதமும் வேறு வேறு. அதற்குள் இருந்த நுட்பம் பிரைம்சென்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்துடையது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரால் அறை முழுக்க ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தெளிக்கும். புள்ளிக்கோலம் எப்படி இருக்க வேண்டும் என்று அதற்கு முன்பே தெரியும். பொருள் கிட்டே இருந்தால் புள்ளி ஒரு பக்கம் நகரும், தள்ளி இருந்தால் மறுபக்கம் நகரும். நகர்ந்த அளவிலிருந்து தூரம். 2013இல் பிரைம்சென்ஸை ஆப்பிள் வாங்கியது. 2017இல் வந்த ஐஃபோன் டென் முகத்தைப் பார்த்துத் திறந்துகொண்டது, முகத்தின்மேல் 30,000க்கும் அதிகமான புள்ளிகளைத் தெளித்து. வரவேற்பறையில் நின்ற கருவி சட்டைப்பைக்குள் போய்விட்டது.

இரண்டாவது வகை நம் இரண்டு கண்களைப் போன்றது. இன்டெல் கொண்டுவந்த ரியல்சென்ஸ் டி435 போன்றவற்றில் 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு அகச்சிவப்புக் கேமராக்கள். இரண்டும் பார்ப்பதற்கிடையே உள்ள வித்தியாசத்திலிருந்து தூரம். வெள்ளைச் சுவர் மாதிரி அடையாளமே இல்லாத பரப்பில் எதை எதோடு ஒப்பிடுவது என்று திணறும் என்பதால், ஒரு புரொஜெக்டர் சுவரில் புள்ளி தெளித்து உதவும். இந்த வகையில் தூரம் இரண்டு மடங்கானால் பிழை நான்கு மடங்காகும். கிட்டே நன்றாக இருக்கிறதே என்று நம்பி அறையின் கோடியை அளக்கப் போனால் ஏமாற்றம்தான்.

என்னிடம் இருப்பது மூன்றாவது வகை. ஒளி போய்வரும் நேரத்தை அளப்பது. சொல்லும்போது எளிது. ஒளி ஒரு நானோ வினாடியில் 30 செ.மீ. போகும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், போகவர 2 மில்லிமீட்டர், அதாவது சுமார் 6.7 பிகோ வினாடி. ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்து அதில் ஆறேழு துண்டு. ஒவ்வொரு பிக்சலிலும் அப்படியொரு கடிகாரத்தை வைக்க முடியாது. அதனால் ஒரு சூழ்ச்சி. வெளிச்சத்தைச் சீரான தாளத்தில் கூட்டிக் குறைத்து அனுப்புகிறார்கள். திரும்பி வரும் வெளிச்சத்தின் தாளம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். மலையில் கைதட்டி எதிரொலியைக் கேட்பது போலத்தான். ஒரே வேறுபாடு, கைதட்டல் விடாமல் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

விடாமல் தட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எதிரொலி எந்தத் தட்டலுக்கு உரியது? வினாடிக்கு 10 கோடி முறை ஏறி இறங்கும் தாளம் என்றால், 1.5 மீட்டருக்கு ஒருமுறை அதே விடை மறுபடி வரும். அரை மீட்டரில் இருக்கும் நானும் இரண்டு மீட்டரில் இருக்கும் அலமாரியும் ஒரே மாதிரி தெரிவோம். எனவே வேறு வேறு தாளங்களில் அடுத்தடுத்துத் தட்டி, எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் தூரம் எது என்று பார்க்கிறார்கள். ஒத்துவரவில்லை என்றால்? அந்தப் பிக்சலுக்கு 0.

இப்படித்தான் 0 எங்கெங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். வெளிச்சம் போதுமான அளவு திரும்பி வராவிட்டால் 0. அளவுக்கு மீறி வந்து பிக்சல் நிரம்பி வழிந்தாலும் 0. தாளங்கள் முரண்பட்டால் 0. கேமராவின் சொந்த விளக்கு எட்டாத ஓரங்களில் 0. கிட்டே போனாலும் 0, எட்டப் போனாலும் 0. ஒரே எண்ணுக்குப் பின்னால் அரை டஜன் காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. எது என்று அது சொல்லாது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு கைவிளக்கு இருக்கிறது. இந்த வகைக் கேமராக்கள் ஆழப் படத்தோடு ஓர் அகச்சிவப்புப் படத்தையும் தரும். ஆழம் 0 ஆன இடத்தில் அந்தப் படம் இருட்டாக இருந்தால் வெளிச்சம் திரும்பவில்லை. பளீரென்று இருந்தால் வழிந்துவிட்டது. அந்தப் படத்தில் என்னை முதலில் பார்த்தபோது சிரிப்பு வந்தது. நான் போட்டிருந்தது கறுப்புச் சட்டை. படத்தில் அது கிட்டத்தட்ட வெள்ளைச் சட்டை. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் பல சாயங்கள் அகச்சிவப்பை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்பிவிடுகின்றன. தலைமுடி அப்படியில்லை. கொஞ்சத்தை விழுங்குகிறது, மிச்சத்தை இழைகளுக்கு நடுவே சிதறடிக்கிறது. திரும்பி வருவது சொற்பம். கேமராவுக்கு என் சட்டை வெளுப்பு, என் தலை அமாவாசை. எது கறுப்பு என்று அதனிடம் கேட்டால் நம் பதிலிலிருந்து வேறான பதில்தான் வரும்.

0 வந்தால்கூடப் பரவாயில்லை, அது நேர்மையாகக் கையை விரிக்கிறது. தப்பான எண்ணைத் தைரியமாகச் சொல்லும் இடங்கள்தான் ஆபத்து. அறையின் மூலையை அளந்து புள்ளி மேகமாக வரைந்து பார்த்தேன். புள்ளி மேகம் என்பது ஆழ அட்டவணையின் ஒவ்வொரு எண்ணையும் எடுத்து, லென்ஸின் அளவுகளைக்கொண்டு மூன்று பரிமாணத்தில் ஒரு புள்ளியாக நிறுத்துவது. சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம். இரண்டு சுவர்களும் நேராக வந்தன. அவை சேரும் மூலை மட்டும் கூர்மையாக இல்லாமல், கட்டைவிரலால் மழுக்கிய களிமண் போல வளைந்திருந்தது. வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு, அடுத்த சுவருக்குத் தாவி, அப்புறம் கேமராவுக்கு வருகிறது. சுற்றிவந்த வெளிச்சமும் நேராக வந்த வெளிச்சமும் ஒரே பிக்சலில் கலந்து, நடுத்தரமான ஒரு பொய்யைச் சொல்கின்றன.

கண்ணாடி இன்னும் மோசம். அலமாரியின் நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முழு அறை இருப்பதாகக் கேமரா சொன்னது. அந்த அறையில் ஒரு நாற்காலி, அதில் நான். தண்ணீர் பாட்டில் அநேகமாக இல்லவே இல்லை. பொருள்களின் ஓரங்களில், காது முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில், காதிலும் இல்லாமல் சுவரிலும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும் புள்ளிகள் ஒரு வால் மாதிரி நீண்டிருந்தன. அந்த ஒரு பிக்சல் பாதிக் காதையும் பாதிச் சுவரையும் சேர்த்துப் பார்த்ததன் விளைவு. பறக்கும் பிக்சல்கள் என்று இந்தத் துறையில் சொல்வார்கள். பெயர் அழகாக இருக்கிறது.

என் மணிக்கு வருகிறேன். இரண்டாவது வடிவத்தில் பூஜ்யங்களையெல்லாம் தூக்கி எறிந்தேன். மிச்சத்தில் மிகச் சிறிய எண்ணைப் பார்க்காமல் நடு எண்ணைப் பார்த்தேன். ஒன்றிரண்டு பறக்கும் பிக்சல் வந்து கெடுக்கக் கூடாதே. அருமையாக வேலை செய்தது. நிமிர்ந்தால் 720, கொஞ்சம் சாய்ந்தால் 610, குனிந்தால் 480, மணி. இரண்டு நாள் பெருமையாகச் சுற்றினேன்.

மூன்றாம் நாள் மாலை ஏதோ ஒரு பிழையைத் தேடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கழுத்து வலித்தபோதுதான் உணர்ந்தேன், மூக்கு திரையிலிருந்து ஒரு சாண் தூரத்தில். மணியோ சும்மா இருந்தது. பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். 610, 540, 480, மணி அடித்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை, 390, 310. அதற்குப் பிறகு என் முகம் கேமராவின் குறைந்தபட்ச தூரத்துக்கும் உள்ளே போய்விட்டது. முகம் முழுக்க 0. நிரல் அத்தனை பூஜ்யங்களையும் கடமையாகத் தூக்கி எறிந்துவிட்டு, கட்டத்தின் ஓரத்தில் மிஞ்சியிருந்த சுவரை எடுத்து 1,900 என்று எழுதியிருந்தது. நான் மிக மோசமாக உட்கார்ந்திருந்த நேரத்தில், மிக ஒழுங்காக உட்கார்ந்திருப்பதாகச் சான்றிதழ்.

அதற்கு நடுவே வேகத்துக்காகப் படத்தைப் பாதியாகச் சுருக்கிப் பார்த்ததும் உண்டு. அது இன்னொரு கூத்து. படத்தைச் சுருக்கும் வழக்கமான முறை பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுக்கும். நிறத்துக்கு அது சரி. இங்கே பக்கத்தில் 700, அதன் அருகில் 0, சராசரி 350. நெற்றிக்கும் முடிக்கும் நடுவே, கேமராவிலிருந்து 35 செ.மீ. தூரத்தில், இல்லாத ஒரு தோல் பட்டை தொங்கியது. மணி நெற்றிப்பட்டைக்காக அடித்தது. ஆழப் படத்தைச் சுருக்க வேண்டுமென்றால் சராசரி எடுக்காமல் அருகில் உள்ள ஒரு பிக்சலை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஜேபெக்காகச் சேமிக்கிற தப்பையும் ஒருமுறை செய்தேன். அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

ஓட்டைகளை அடைக்க நேர்த்தியான வழிகள் உண்டு. 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் காட்டிய கைனெக்ட்ஃபியூஷன் அப்படியொன்று. கேமராவைக் கையில் எடுத்து அறையைச் சுற்றி நடக்க வேண்டும். ஒரு கோணத்தில் ஓட்டையாக இருந்த இடம் அடுத்த கோணத்தில் தெரியும். எல்லா ஃப்ரேம்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து முழு அறையின் வடிவத்தையும் நடக்க நடக்கவே கட்டிவிடும். இன்று ஓப்பன்3டி போன்ற லைப்ரரிகளில் அதன் வாரிசுகள் கிடைக்கின்றன. பொருள் அசையாமல் இருந்து நாம் அசைந்தால் அது அற்புதம். என் விஷயத்தில் கேமரா அசையாது, அசைகிறவன் நான். எனக்கு உதவவில்லை.

வண்ணப் படத்தைச் சேர்த்தால் முகத்தைக் கண்டுபிடிப்பது எளிதாகுமே என்று அதையும் முயன்றேன். வண்ணக் கேமராவும் ஆழக் கேமராவும் ஒரே பெட்டியில் இருந்தாலும் இரண்டு தனித்தனிக் கண்கள். சில செ.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று பார்ப்பதை மற்றது பார்ப்பதோடு பொருத்த எஸ்டிகேயில் வழி இருக்கிறது, தொழிற்சாலையிலேயே அளந்து பதித்த கேலிப்ரேஷனும் இருக்கிறது. ஆனாலும் என் தலை ஒரு கண்ணுக்கு மறைக்கும் சுவரின் துண்டு, மற்றொரு கண்ணுக்குத் தெரியும். அந்தத் துண்டுக்கு எந்த நிறத்தைப் பூசுவது? புள்ளி மேகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தபோது, பின்சுவரில் என் காது தெளிவாக ஒட்டிக்கொண்டிருந்தது. சுவருக்குக் காது உண்டு என்பது சும்மா சொன்னதில்லை.

மதியத்தில் ஜன்னல் வழியாக வெயில் விழும்போது மேசையின் ஒரு பகுதி அப்படியே கரைந்து பூஜ்யமாகிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். கேமராவின் லேசர் 850 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு. வெயிலிலும் அது ஏராளமாக உண்டு. சூரியனோடு போட்டி போட்டு யார் ஜெயிப்பது? திரைச்சீலையை இழுத்துவிட்டேன். இன்னொன்று, செருகிய உடனே அளக்காதீர்கள். கருவி சூடேற ஏற எண்கள் மெல்ல நகரும். அசையாத சுவரை அரை மணி நேரம் பார்க்கவிட்டு எழுதிவைத்த எண்களை வரைந்தபோது, தொடக்கத்தில் சில மில்லிமீட்டர் ஒருபக்கமாக நழுவி, அப்புறம் நிலைகொண்டது தெரிந்தது. குனிந்த முதுகுக்கு இது பொருட்டில்லை. துல்லியமாக அளக்க நினைப்பவர்களுக்குப் பொருட்டு.

இனி கடைசி வடிவம், இப்போது ஓடிக்கொண்டிருப்பது. பூஜ்யத்தைத் தூக்கி எறிவதை நிறுத்தினேன். அதை எண்ணத் தொடங்கினேன். ஒரு வாரம் வெறுமனே பதிவு மட்டும் செய்தேன்: முகக் கட்டத்துக்குள் எத்தனை பிக்சல் 0, அவை எங்கே கூடியிருக்கின்றன, அந்த இடங்களில் அகச்சிவப்புப் படம் இருட்டா வெளிச்சமா. பதிவுகளை என் நினைவோடு ஒட்டிப் பார்த்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தால் கேமரா என் நெற்றியையும் கன்னத்தையும் பார்க்கிறது. முடி மேலே ஒரு மெல்லிய பட்டையாக ஒதுங்கிவிடுகிறது. குனியத் தொடங்கினால் தலை கவிழ்கிறது, உச்சந்தலை கேமராவை நோக்கித் திரும்புகிறது, கட்டத்தின் மேலிருந்து கீழாக இருட்டுப் பூஜ்யம் இறங்குகிறது. தூரம் 610இலிருந்து 540க்குப் போவதற்கு முன்பே இந்த இறக்கம் தொடங்கிவிடுகிறது. முதல் நாள் எரிச்சலூட்டிய அதே ஓட்டைதான், முதுகு வளைவதைத் தூரத்தைவிட முந்திக்கொண்டு சொல்கிறது.

மிகக் கிட்டே போனால் வருவது வேறு பூஜ்யம். அது கட்டத்தின் நடுவில், மூக்கு இருக்கும் இடத்தில் தொடங்கும்; அங்கே அகச்சிவப்புப் படம் பளீரென்று வெளுத்திருக்கும். இருட்டுப் பூஜ்யம் மேலிருந்து இறங்கினால் மெல்லிய மணி. வெளுப்புப் பூஜ்யம் நடுவிலிருந்து பரவினால் பெரிய மணி. பூஜ்யம் கட்டம் முழுக்க ஒரே நேரத்தில், எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தால், திரைச்சீலையை யாரோ விலக்கியிருக்கிறார்கள், பேசாமல் இரு. இப்போது என் நிரலில் தூரத்தைக் கணக்கிடும் வரிகள் அதே நான்குதான். பூஜ்யத்தை விசாரிக்கும் வரிகள் நூறைத் தாண்டிவிட்டன.

இரண்டு மாதமாக ஒழுங்காக ஓடுகிறது. கழுத்து வலி குறைந்திருக்கிறதா என்று கேட்டால், மணி அடிக்கும்போது நிமிர்கிறேன், அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடி அடிக்கிறது என்ற அளவில் இருக்கிறது.

நேற்று முடி வெட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன், நன்றாக ஒட்ட. இருட்டுப் பூஜ்யம் பாதியாகக் குறைந்துவிட்டது. எவ்வளவு குனிந்தாலும் மெல்லிய மணி அடிக்க மாட்டேன் என்கிறது. வரம்புகள் எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். அல்லது முடி வளரும்வரை காத்திருக்க வேண்டும்.